கோட்டையும் தங்குமடமும்



பயணம் சென்று திரும்பியவர்களோடு உரையாடும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கோட்டையின் அகலம், கோயிலின் உயரம், குளத்தின் பரப்பு ஆகியவற்றை அவர்கள் விரிவாக எடுத்துரைப்பர். அங்கே இரவு எங்கே தங்கினீர்கள், அதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வினவினாலோ, அது ஏதோ வீட்டுக் கணக்கைச் சேர்ந்த செய்தி என்பது போலச் சிரித்து விட்டுவிடுவர். ஆயினும், ஆழ்ந்து நோக்குமிடத்து, ஓர் ஊரை ஒருவர் உண்மையிற் கண்டாரா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஓர் இரவேயாகும். பகலில் வந்து பகலிலே திரும்புபவர் ஊரின் முகத்தைப் பார்க்கிறார். இரவு தங்குபவர் அதன் குரலையும் கேட்கிறார்.

இரவு தங்குவதற்குப் பணம் வேண்டும். எனவே, வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த ஓர் இடத்துக்கு அருகில், சிறு தொகையுடன் வருபவரும் தங்கத்தக்க சுத்தமான தங்குமடம் உண்டா என்ற கேள்வியை வசதி பற்றிய கேள்வியென்று தள்ளிவிடல் ஆகாது. அந்த வரலாற்றை யார் யார் அறிந்துகொள்ளலாம் என்பதே அக்கேள்வியின் உட்பொருள். இக்கருத்தை, நான் பாடசாலை அதிபராகப் பணியாற்றும் கற்பிட்டியை முன்வைத்து இன்று உங்களுடன் ஆராய விரும்புகின்றேன்.

கற்பிட்டியைக் காணாத நேயர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே, வடக்கு நோக்கி நீட்டிய விரலைப் போன்ற ஒரு தீபகற்பம் உண்டு. அவ்விரலின் நுனிப்பகுதியிலே எங்கள் ஊர் அமைந்துள்ளது. மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே புத்தளக் களப்பு. கொழும்பிலிருந்து புத்தளம் வீதி வழியே வருவோர், புத்தளம் நகரை அடையுமுன்னர் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பி, மேலும் 40 கிலோமீற்றர் அளவு பயணம் செய்தல் வேண்டும். வழியெங்கும் மணற்றரையிலே வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டங்களைக் காணலாம். நுரைச்சோலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தோன்றும். தலவிலையிலே அன்னம்மாள் திருத்தலம் இருக்கின்றது. அவற்றையெல்லாம் கடந்து, பஸ் வண்டி ஊர்க்கடைத் தெருவிலே வந்து நிற்கும்போது, களப்பின் கரையோரமாக ஒரு கோட்டை நிற்பதைக் காண்பீர்கள்.

அது ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டு வரை அதனை அவர்கள் கட்டினர். போர்த்துக்கேயர் காலத்திலே இயேசுசபைத் துறவியரின் ஆலயம் இருந்த நிலத்தில் அது எழுந்தது என்பர். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உண்டு. சுவர்கள் முருகைக்கல்லால் ஆனவை. கடலில் விளைந்த கல்லைக் கொண்டே கடலைக் காவல் செய்தார்கள் எனலாம். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் இது நம் நாட்டுக் கடற்படையின் பொறுப்பில் வந்தது.

இக்கோட்டை இத்துணைத் தொலைவில், மணல் நிறைந்த ஒரு முனையிலே எதற்காகக் கட்டப்பட்டது? பாடநூலைப் புரட்டினால், கண்டி இராச்சியத்தின் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக என்று ஒரு வரியிலே விடை கிடைக்கும். அந்த வரியை நானும் பல ஆண்டுகள் வகுப்பறையிலே சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். அதன் பொருள் எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது கற்பிட்டியிலே ஒரு மலிவான விடுதியில் தங்கியபோதுதான்.

2014ஆம் ஆண்டு தை மாதத்திலே கிழக்கு மாகாணத்திலிருந்து மாற்றம் பெற்று இவ்வூருக்கு வந்தேன். வாடகைக்கு வீடு அமையும் வரை, கோட்டையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலிருந்த ஒரு விடுதியிலே மூன்று கிழமைகள் தங்கினேன். அது ஒரு பழைய வீடு. கூடத்திலே ஆறு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு நுளம்பு வலை. நடுவிலே ஒரு மின்விசிறி. பின்முற்றத்திலே கிணறும் மலசலகூடமும். ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு வாடகை 500 ரூபாய். அதனை நடத்தியவர் நடுவயதினரான ஒரு முஸ்லிம் அன்பர். ஊரார் அவரை நானா என்று அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னைச் சேர் என்று அழைத்தார். முதல் நாளே அவர் சொன்னார்: “சேர், கட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான். அதிபருக்கு வேறே, லொறிக்காரருக்கு வேறே எண்டு இங்க இல்ல.” அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது.

கருவாடு வாங்க வந்த ஒரு வியாபாரி, மின்சார வேலைக்கு வந்த இளைஞர் இருவர், ஓங்கில்களைக் காண்பதற்காக முதுகிலே பெரிய பையைச் சுமந்து வந்த ஒரு வெளிநாட்டு மாணவன் ஆகியோர் அந்நாள்களில் என் கூடத்துத் தோழர்கள். கார்த்திகை முதல் சித்திரை வரை இக்கடலிலே ஓங்கில்கள் கூட்டங் கூட்டமாகத் தோன்றும் என்பதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். அந்த மாணவன் கோட்டையின் வரலாற்றைக் கேட்டான். நான் அறிந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே சொன்னேன். அருகிலிருந்த வியாபாரி அதனைச் செவிமடுத்திருந்துவிட்டு, “சேர், விடிய நாலரைக்கு எழும்புங்க. கோட்டை ஏன் அங்க இருக்கெண்டு காட்டுறன்” என்றார்.

மறுநாள் விடியுமுன்னர் மூவரும் கரைக்குச் சென்றோம். பள்ளிவாசலிலிருந்து அதிகாலைத் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. வீதியிலே கழுதைகள் சில அசையாது நின்றன. இருளினூடே வடக்குத் திசையிலிருந்து சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. அவை இரவெல்லாம் தொழில் செய்து திரும்பும் படகுகள். கடலிலிருந்து களப்புக்குள் வருவோர் வடக்கே உள்ள வாயில் வழியாகவே வருதல் வேண்டும். வந்தவை அனைத்தும் எங்கள் கண்முன்னே, கோட்டையின் பார்வைக்குள்ளே வந்தன. “இதுதான் சேர் கதவு. இதில நிண்டா உள்ள போற ஆளையும் எண்ணலாம், வெளிய போற மூட்டையையும் எண்ணலாம்” என்றார் அந்த வியாபாரி.

ஒல்லாந்தரின் கொள்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. களப்பின் உட்பகுதியிலே புத்தளம் துறை இருக்கின்றது. மலைநாட்டு மன்னரின் பாக்கும் பிற பண்டங்களும் வெளியேறுவதற்கும், வெளிநாட்டுச் சரக்குகள் உள்ளே போவதற்கும் அத்துறை பயன்பட்டது. அதற்கு மிகவும் முற்பட்ட காலத்திலே, 1344ஆம் ஆண்டில், மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபன் பதூதா இலங்கைக்கு வந்து இறங்கியதும் புத்தளத்திலேயே. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவாதமலைக்குச் செல்ல வழித்துணையும் கொடுத்தனுப்பினார். அத்தகைய துறைக்குச் செல்லும் வாயிலை அடைத்துவிட்டால், மலைநாட்டின் கழுத்தையே பிடித்தது போலாகும். பகல் பத்து மணிக்குக் காரிலே வந்து, கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்புபவருக்கு இவ்வாயில் புலப்படாது. அவ்வேளையிலே படகுகள் கரையில் ஓய்ந்து கிடக்கும். களப்பு வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றும்.

வழிப்போக்கருக்குத் தங்க இடம் கொடுத்தல் நமக்குப் புதியதொரு கலையன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். நம் முன்னோர் அதனைக் கல்லிலும் மரத்திலும் அமைத்துக் காட்டினர். பருத்தித்துறைக்குச் சென்றவர்கள் அங்குள்ள தெருமூடி மடத்தைக் கண்டிருப்பார்கள். வீதி நடுவே செல்ல, இருமருங்கும் திண்ணையும் மேலே கூரையுமாக அமைந்த மடம் அது. வழியிற் செல்பவன் மழைக்கோ வெயிலுக்கோ எவரிடத்தும் அனுமதி கேளாது அதிலே ஒதுங்கலாம். சிங்கள மக்களிடையே இதற்கு அம்பலம் என்று பெயர். எங்கள் மாவட்டத்துக்கு அயலான குருநாகல் மாவட்டத்திலே, பனாவிட்டிய என்னும் ஊரிலுள்ள அம்பலம் மரச்செதுக்கு வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. அரசரின் மாளிகைக்குச் செய்யவேண்டிய அலங்காரத்தை வழிப்போக்கனின் மடத்துக்குச் செய்திருக்கிறார்களே என்று அதன் தூண்களைப் பார்த்து நான் வியந்ததுண்டு.

தமிழகத்திலே தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் சத்திரங்கள் பல நிறுவினர். அவற்றுள் ஒன்று, சரபோஜி மன்னரின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டிலே எழுந்த முத்தாம்பாள் சத்திரம். அங்கே யாத்திரிகருக்கு உணவும் இடமும் கொடுத்ததோடு நில்லாது, பாடசாலை ஒன்றும் நடத்தி மாணவர்க்கு ஊணும் உறையுளும் வழங்கினர். சத்திரமும் கல்விச்சாலையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இதனைப் பின்னர் எடுத்தாள்வேன்.

எங்கள் தீபகற்பத்திலேயே இம்மரபு இன்றும் உயிரோடு இருக்கின்றது. தலவிலை அன்னம்மாள் திருத்தலத்தின் பெருவிழா பங்குனியிலும் ஆவணியிலும் நடைபெறும்போது, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிவர். கத்தோலிக்கரோடு பிற சமயத்தவரும் வருவர். ஆலயத்தைச் சார்ந்த மடங்கள் நிரம்பிவிட்டபின், மரநிழலிலும் மணலிலும் கூடாரம் அடித்துத் தங்குவர். அடுப்புக் கூட்டிச் சமைப்பர். அயற் கூடாரத்தவரோடு உப்பும் புளியும் மாற்றிக் கொள்வர். பணமில்லாமையால் விழாவைக் காணாது திரும்பியவர் என்று எவரும் இரார்.

மற்றொரு தங்குமிடமும் இங்குண்டு. பருவத்துக்குப் பருவம் மீனைத் தேடி இடம் மாறும் கடற்றொழிலாளர், கரையோரத்திலும் பத்தலங்குண்டு முதலிய தீவுகளிலும் கிடுகு வேய்ந்து குடில் அமைப்பர். அதற்கு வாடி என்பது பெயர். பிரயாணிகள் தங்கும் அரசாங்க விடுதியையும் நாம் வாடிவீடு என்றுதான் அழைக்கின்றோம். மீனவனின் குடிலும் உத்தியோகத்தரின் விடுதியும் ஒரே சொல்லைப் பகிர்ந்து கொள்கின்றன. தங்குதல் என்ற அளவிலே மனிதர் யாவரும் ஒன்றே என்று நம் மொழி நினைவூட்டுகிறது போலும்.

மேலைநாட்டிலும் ஒரு செய்தி உண்டு. அதனைச் செய்தவர் ஓர் ஆசிரியர் என்பதால் எனக்கு அதிலே தனி ஈடுபாடு. ஜேர்மனியிலே றிச்சாட் ஷிர்மான் என்பவர், தம் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துச் சென்று பாடம் கற்பித்து வந்தார். 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அவ்வாறு செல்கையில் கடும் இடிமழை பிடித்துக்கொண்டது. விடுமுறைக் காலமாதலால் வெறுமையாகக் கிடந்த ஒரு கிராமப் பாடசாலையில் அவர்கள் ஒதுங்கினர். உழவர் ஒருவர் கொடுத்த வைக்கோலே படுக்கையாயிற்று. மாணவர் உறங்கியபின்னும் ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. நாடெங்கும் பாடசாலைகள் உள்ளன. விடுமுறையிலே அவை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஏன் மாணவப் பயணிகளின் தங்குமடங்களாக்குதல் கூடாது என்று அவ்விரவிலே சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக, 1912ஆம் ஆண்டில் ஆல்டேனா என்ற ஊரின் பழங்கோட்டையிலே இளைஞர் விடுதி ஒன்று தோன்றியது. அக்கோட்டையிலே போர்வீரர் வாழ்ந்த காலம் போய், முதுகுப்பையோடு வந்த ஏழை மாணவர் உறங்கலாயினர். 1932ஆம் ஆண்டில் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரிலே கூடி ஓர் அனைத்துலகச் சம்மேளனத்தை நிறுவின. உலகெங்கும் இளைஞர் சிறு கட்டணத்திலே தங்கும் விடுதிகளின் வரலாறு, மழையில் நனைந்த ஒரு வகுப்பிலிருந்து தொடங்குகிறது.

இனி, இன்றைய கற்பிட்டிக்கு வருவோம். உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற பின்னர் இக்கரையோரத்துக்கு உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வரலாயினர். வைகாசி முதல் ஐப்பசி வரை வீசும் தென்மேற்குக் காற்றிலே பட்டத்தைக் கட்டி அலைமீது சறுக்கி விளையாடுவதற்கென்றே பல நாட்டு இளைஞர் கண்டக்குழி, கப்பலடிப் பக்கங்களில் வந்து தங்குகின்றனர். அவர்களுக்கென அழகிய குடில்களும் விடுதிகளும் எழுந்துள்ளன. இதனால் எங்கள் ஊர் இளைஞர் பலருக்குத் தொழில் கிடைத்தது, படகோட்டிகள் பயன்பெற்றனர். இதனை நான் மனமார வரவேற்கின்றேன். ஆயினும், ஒரு கணக்கை எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அவ்விடுதிகள் சிலவற்றிலே ஓர் இரவுக்கு ஓர் அறையின் வாடகை, என் மாணவரிற் பலரின் பெற்றோர் ஒரு கிழமை கடலிலே உழைத்துப் பெறும் வருவாயைவிட மிகுதி. பதுளையிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஓர் ஆசிரியர் தம் குடும்பத்துடன் இவ்வூரைக் காண விரும்பினால், அவர் கேட்பது சறுக்கு விளையாட்டன்று. சுத்தமான கட்டிலும் குடிநீரும் பூட்டத்தக்க கதவுமே. அத்தகைய சிறு விடுதிகள் ஊருக்குள்ளே சில உள்ளன. அவை பெருகவேண்டும், பெருகாவிடினும் அழியாதிருத்தல் வேண்டும்.

மறுபக்கத்தையும் நோக்குக. கற்பிட்டிப் பிள்ளைகள் வரலாற்று இடங்களைக் காணும் விதம் யாது? பாடசாலைச் சுற்றுலா என்றால், நள்ளிரவிலே பஸ் வண்டி புறப்படும். விடியலில் ஓரிடம், முற்பகலில் ஓரிடம், பிற்பகலில் இரண்டிடம். பொலன்னறுவையிலே கல்விகாரையின் புத்தர் சிலைகளுக்கு இருபது நிமிடம். மறுநாள் அதிகாலையிலே வீடு திரும்புவர். இப்படி ஓடுவதற்குக் காரணம் ஆசிரியரின் அவசரமன்று. இரவு தங்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதலாகும் செலவேயாம். அதனாற் பிள்ளைகள் பாதிச் சுற்றுலாவை உறக்கத்திலே கழிக்கின்றனர். திரும்பிவந்து கட்டுரை எழுதச் சொன்னால், பஸ்ஸிலே பாடிய பாட்டைத்தான் எழுதுகின்றனர்.

ஒரு முறை இதனை மாற்றிச் செய்து பார்த்தோம். அனுராதபுரத்திலுள்ள ஒரு பாடசாலையின் அதிபருக்குக் கடிதம் எழுதி, வார இறுதியில் அங்குள்ள இரு வகுப்பறைகளைக் கேட்டுப் பெற்றோம். மாணவர்கள் ஒரு வகுப்பறையிலும், மாணவிகள் ஆசிரியைகளுடன் மற்றொரு வகுப்பறையிலும் பாய் விரித்து உறங்கினர். அவ்வூர்ப் பெற்றார் சிலர் காலையிலே இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தனர். விடிந்ததும் திசா வாவியின் அணைக்கட்டிலே நடந்தோம். அப்போது கடற்றொழிலாளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், “சேர், இந்தத் தண்ணிக்கு உப்பு ஏறாதா?” என்று கேட்டான்.

அக்கேள்வியின் அருமை கற்பிட்டியை அறிந்தவர்க்கே விளங்கும். எங்கள் தீபகற்பத்திலே நன்னீர் என்பது, மணலுக்கு அடியிலே, உப்பு நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து கிடப்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறிவிடும். அச்சிறுவன் தன் வீட்டுக் கிணற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட குளத்தைப் பார்த்துக் கேட்டான். மழைநீரை அணைகட்டித் தேக்கிய மன்னர்களின் செயல் எத்துணைப் பெரிது என்பதை அன்று நான் விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இரவு நிம்மதியாக உறங்கி, காலையிலே வயிறு நிறைய உண்டு, அவசரமின்றி நடந்த பிள்ளையின் வாயிலிருந்தே அத்தகைய கேள்வி பிறக்கும்.

பாடசாலைகளிலே பிறரைத் தங்கவைத்தல் இயலுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்குக் கற்பிட்டியின் அண்மை வரலாற்றையே விடையாகக் கூறுவேன். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுக்குள் தம் வீடு வாசலை விட்டு நீங்கினர். மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் படகுகளில் ஏற்றப்பட்டு, கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தனர். கையிலே சிறு மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாக அவர்கள் இறங்கியதைக் கண்ணாற் கண்டோர் இன்றும் ஊரில் உள்ளனர். பாடசாலைகள் திறந்துவிடப்பட்டன, பள்ளிவாசல்கள் நிரம்பின, தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் குடில்கள் எழுந்தன. ஊரார் தம் அடுப்பிலே கூடுதலாக ஒரு பானை ஏற்றினர். சில நாள்களுக்கு என்று தொடங்கிய அந்தத் தங்கல் பலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. கிணற்று நீர், நிலம், தொழில் ஆகியவற்றைப் பங்கிடுவதிலே பின்னர் மனத்தாங்கல்களும் எழாமலில்லை. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், அவ்விரு சாராரின் பிள்ளைகளும் ஒரே வாங்கிலே இருந்து படித்தனர். அவர்களின் பிள்ளைகள் இன்று என் பாடசாலையிலே படிக்கின்றனர். எவர் பழைய ஊரார், எவர் வந்த ஊரார் என்று அப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என்னாற் சொல்லமுடியாது.

கற்பிட்டிக்கு வந்து தங்கியோரை எண்ணிப் பார்க்கும்போது மூவகையினர் தோன்றுகின்றனர். கேளாமலே வந்து கோட்டை கட்டித் தங்கியோர் ஒரு வகையினர். போக்கிடமின்றி வந்து தங்கியோர் மற்றொரு வகையினர். ஊரைக் கண்டு அறிந்து செல்லும் விருப்பத்தோடு வந்து தங்குவோர் மூன்றாம் வகையினர். முதல் வகையினர் விட்டுச் சென்ற சுவரைக் காண மூன்றாம் வகையினர் வருகின்றனர். இரண்டாம் வகையினருக்குக் கதவு திறந்த ஊர், மூன்றாம் வகையினருக்கும் திறக்க வல்லது என்பதிலே ஐயமில்லை.

இவ்வூரிலே காணத்தக்கது கோட்டை மட்டுமன்று என்பதையும் சொல்லிவிடுகின்றேன். தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாற்றை ஆங்கிலத்திலே தொகுத்து, 1859ஆம் ஆண்டில் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்தவர். இலங்கையின் ஊர்களைப் பற்றிய செய்திகளை அகரவரிசையில் தொகுத்து 1834ஆம் ஆண்டில் நூலாகத் தந்தவரும் அவரே. ஊர்களை அறிதல் எவ்வளவு பெரிய கல்வி என்பதை உணர்ந்த ஒருவர் இக்கரையிலே பிறந்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது. இலக்கியம் கற்கும் மாணவர் கோட்டையைக் காண வருமுன்னர் இவர் பெயரையும் அறிந்து வருதல் நன்று.

இனி, என் வேண்டுகோளைச் சுருங்கக் கூறுவேன். வரலாற்று இடங்களுக்கு அருகிலுள்ள பாடசாலைகள், விடுமுறைக் காலத்திலே இரண்டொரு வகுப்பறைகளை வெளியூர் மாணவருக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். இன்று இது தனிப்பட்ட கடிதங்களாலும் அறிமுகத்தாலும் ஆங்காங்கே நடைபெறுகின்றது. அறிமுகமில்லாத சிறு பாடசாலைக்கு அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. ஒவ்வொரு கல்வி வலயமும் அத்தகைய பாடசாலைகளின் பட்டியலை வெளியிட்டு, நீருக்கும் மின்சாரத்துக்கும் சுத்திகரிப்புக்கும் ஆகும் செலவை மட்டும் கட்டணமாகக் குறித்துவிட்டால், எவரும் எவரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை. கற்பிட்டிப் பிள்ளைகள் பதுளையிலே தங்குவர். பதுளைப் பிள்ளைகள் கற்பிட்டியிலே தங்குவர். மலையைக் காணாதவன் மலையையும் கடலைக் காணாதவன் கடலையும் காண்பான். தமிழ்ப் பிள்ளை சிங்களப் பாடசாலையிலும், சிங்களப் பிள்ளை தமிழ்ப் பாடசாலையிலும் ஓர் இரவு பாய் விரித்துப் படுத்தெழுந்தால், பல மேடைப் பேச்சுகள் செய்யமாட்டாத காரியத்தை அது செய்துவிடும்.

சிறு விடுதி நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் வருபவர் ஆடம்பரத்தை எதிர்பார்த்து வருவதில்லை. துவைத்த விரிப்பு, கிழியாத நுளம்பு வலை, நல்ல குடிநீர், பெண்களுக்கு அச்சமில்லாத தனியிடம், வாடகையை வெளிப்படையாக எழுதிய பலகை ஆகியவை போதும். உங்கள் ஊரின் வரலாற்றிலே நான்கு வரிகளை நீங்களே சொல்லத் தெரிந்திருந்தால், அதைவிடச் சிறந்த உபசாரம் வேறில்லை.

தங்கச் செல்லும் நமக்கும் கடமைகள் உண்டு. கிணறு உப்பேறக்கூடிய ஊரிலே வாளி வாளியாக நீரை இறைத்துக் கொட்டுதல் விருந்தினருக்கு அழகன்று. கோட்டைச் சுவரிலே பெயர் எழுதுதல், மூன்று நூற்றாண்டு தாங்கிய முருகைக்கல்லைச் சுரண்டுதல், தொழுகை வேளையிலும் வழிபாட்டு வேளையிலும் ஆரவாரம் செய்தல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கோட்டைக்குள் செல்ல விரும்புவோர் பொறுப்பிலுள்ளோரின் அனுமதியைப் பெற்று, அவர்கள் காட்டும் வழியிலே செல்லல் வேண்டும். கடைசியாக, ஒரு நாளிலே நான்கு ஊர்களைப் பார்க்கும் ஆசையை விட்டு, இரண்டு நாளிலே ஓர் ஊரைப் பாருங்கள். செலவு அதிகமாகாது, கண்டது நெஞ்சில் நிற்கும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் சில கிழமைகள் உள்ளன. சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களும் பெற்றோரும், எந்த இடத்தைப் பார்ப்பது என்று தீர்மானிக்குமுன்னர், அங்கே எங்கே தங்குவது என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கற்பிட்டிக்கு எழுதுவோருக்கு மறுமொழி தாமதியாது வரும்.